அமாயுர் கோட்டை: மேலே ஏறினால் பார்க்க ஏதாவது இருக்கிறதா?

ஜெனி (துலூஸ்)

எல்லோருக்கும் வணக்கம். எனக்குச் சொந்த ஊர் நாகர்கோவில் பக்கத்தில் கோட்டாறு. இப்போது பிரான்சில் துலூஸ் நகரத்தில் வேலை. அக்டோபர் கடைசியில் அப்பாவும் அம்மாவும் வருகிறார்கள். அப்பாவுக்கு ஐபல் கோபுரம்கூட வேண்டாமாம், “படத்திலேயே பார்த்தாச்சு” என்கிறார். அவர் பார்க்க நினைப்பது புனித பிரான்சிஸ் சவேரியார் பிறந்த ஹாவியர் கோட்டையை மட்டும்தான். டிசம்பர் 3 சவேரியார் திருவிழாவுக்குள் ஊர் திரும்பிவிட வேண்டும் என்பதிலும் கறாராக இருக்கிறார். ஸ்பெயினில் நவார்ராவின் தலைநகரான பம்ப்லோனாவில் அறை போட்டு அங்கிருந்து போய் வந்துவிடலாம், அதில் பிரச்சினை இல்லை.

இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. சவேரியாரின் அண்ணன்மார் இருவர் கடைசிவரை நின்று சண்டை போட்ட கோட்டை ஒன்று பாஸ்க் மலைநாட்டில் இடிந்து கிடக்கிறது, அதன் பெயர் அமாயுர் என்று எங்கோ படித்திருக்கிறார். அதையும் பார்த்தே ஆக வேண்டுமாம். வரைபடத்தில் தேடினால் ஓர் இடத்தில் மாயா என்றிருக்கிறது, இன்னோர் இடத்தில் அமாயுர் என்றிருக்கிறது. படங்களில் ஒரு தூணும் புல்வெளியும்தான் தெரிகின்றன.

யாராவது போயிருக்கிறீர்களா? அங்கே கோட்டை என்று சொல்ல ஏதாவது நிற்கிறதா? அப்பா நன்றாக நடப்பார், ஆனால் அம்மாவுக்கு முழங்கால் வலி. சாப்பாட்டில் அம்மா பன்றிக்கறி தொடமாட்டார், மீன் என்றால் இருவருக்கும் சந்தோஷம். கார் வாடகைக்கு எடுத்திருக்கிறேன். இதற்காக ஒரு நாளைச் செலவழிப்பது சரியா, அல்லது அந்த நாளில் சான் செபாஸ்தியன் கடற்கரைக்குப் போய்விடலாமா?

பழைய பொறியாளர் (இருன்)

ஜெனி அம்மா, மாயாவும் அமாயுரும் ஒரே ஊர்தான். முதலாவது ஸ்பானியப் பெயர், மற்றது பாஸ்க் பெயர். வழியில் எந்தப் பலகையைப் பார்த்தாலும் தைரியமாகத் திரும்புங்கள்.

நான் திண்டுக்கல்காரன். பொதுப்பணித் துறையில் தடுப்பணை, வாய்க்கால், தாங்குசுவர் என்று காலத்தை ஓட்டிவிட்டு ஓய்வு பெற்றவன். மகள் வீடு இருனில். இந்த ஊரை ஒட்டிக் கடலில் சேருகிற பிதசோவா ஆறுதான் மேலே போகப் போக பஸ்தான் ஆறு என்று பெயர் மாறுகிறது. அந்தப் பஸ்தான் பள்ளத்தாக்கின் வடகோடியில் இருப்பது அமாயுர். ஆற்றைப் பிடித்துக்கொண்டே மேலே போனால் என்ன என்றுதான் நான் முதலில் அங்கே போனேன். கோட்டை இருப்பதே எனக்குத் தெரியாது.

முதலில் உங்கள் கணக்கைத் திருத்துகிறேன். இதற்குத் தனியாக நாள் ஒதுக்கவே வேண்டாம். துலூசிலிருந்து பயோன் வரை நெடுஞ்சாலையில் வருவீர்கள். அங்கிருந்து பம்ப்லோனாவுக்குக் கடற்கரை ஓரமாகப் போகாமல் நேராகத் தெற்கே திரும்புங்கள். எஸ்பெலெத், அய்னோவா, எல்லையில் தான்ட்சாரினியா, பிறகு ஒட்சோந்தோ கணவாய். கணவாயில் ஏறி மறுபக்கம் இறங்கினால் இடதுகைப் பக்கம் ஒரு கிராமம், அதற்கு மேலே ஒரு குன்று. அதுதான் அமாயுர். அப்படியே எலிசோந்தோ வழியாக பம்ப்லோனாவுக்குப் போய்விடலாம். மலைப்பாதைதான், ஆனால் சாலை நன்றாக இருக்கிறது. உங்கள் வழியிலேயே இருக்கிற இடம் இது.

வழியில் இருப்பது தற்செயலும் இல்லை. பயோனிலிருந்து பம்ப்லோனாவுக்குப் போகிற பழைய பாதை இதுதான். யாத்திரிகர்கள் ஸ்பெயினின் வடமேற்கே உள்ள சாந்தியாகோ திருத்தலத்துக்கு நடந்துபோகிற தடங்களில் ஒன்று இன்றைக்கும் இந்தக் கணவாயைத் தாண்டி அமாயுர் தெருவுக்குள் வருகிறது. வடக்கேயிருந்து படையோ வண்டியோ வந்தால் இந்தக் குன்றின் காலடி வழியாகத்தான் பள்ளத்தாக்குக்குள் இறங்க வேண்டும். கோட்டையை இங்கே கட்டியதற்குக் காரணமே அந்தப் பாதைதான். அதனால் மேலே போனதும் கல்லைத் தேடாதீர்கள். முதலில் வடக்கே திரும்பிக் கணவாயைப் பாருங்கள், பிறகு தென்மேற்கே திரும்பிப் பள்ளத்தாக்கைப் பாருங்கள். யார் வந்தாலும் ஒளிய இடமில்லை. இது அப்பாவுக்குப் புரிந்துவிட்டால் போன காரியம் முடிந்தது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். ‘நிற்கிறது’ என்ற சொல்லுக்குத் தகுதியாக அங்கே எதுவும் இல்லை. கோபுரம் கிடையாது, வாசல் கிடையாது, கூரை கிடையாது. சுவரின் அடிப்பகுதி, வட்டக் கொத்தளத்தின் அடித்தளம், நடுவில் மேடு பள்ளம், அவ்வளவுதான். அதுவும் 2006 முதல் சான் செபாஸ்தியனைச் சேர்ந்த அரன்சாதி அறிவியல் சங்கத்தார் தோண்டத் தொடங்கிய பிறகுதான் வெளியே வந்தது. அதற்கு முன் எல்லாம் மண்ணுக்கும் புல்லுக்கும் அடியில்.

ஆனால் எனக்கு அந்த அடிச்சுவர்தான் பிடித்தது. குத்துக்கால் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். வெளிமுகத்தில் செதுக்கிய கல், வரிசை பிசகாமல். உள்ளே கையளவுக் கற்களையும் சுண்ணாம்புக் காரையையும் கொட்டி நிரப்பியிருக்கிறார்கள். செதுக்கிய கல் போன இடத்தில் அந்த உள்வயிறு அப்படியே தெரிகிறது. விரல் நகத்தால் கீறினால் உதிரவில்லை. அந்த ஊரில் பெய்கிற மழைக்கு அது பெரிய விஷயம். கல்லை ஊர்க்காரர்கள் வீடு கட்ட எடுத்துப் போயிருப்பார்கள் என்பது என் ஊகம். கைவிட்ட கோட்டை எந்த நாட்டில் இருந்தாலும் அதுதான் நடக்கிறது.

இன்னொன்று. உயரமான மெல்லிய மதில் அம்புக்கும் ஏணிக்கும்தான் ஈடுகொடுக்கும். பீரங்கி வந்த பிறகு உயரமே ஆபத்து. குறிவைக்க வசதி, விழுந்தால் உள்ளே இருப்பவன் தலையில் விழும். 1522 ஜூலையில் இந்தக் கோட்டையைச் சுற்றி வளைத்தவர்களிடம் பீரங்கிகள் இருந்தன. உள்ளே இருந்தவர்கள் சுமார் 200 பேர். வெளியே ஆயிரக்கணக்கில். முடிவைச் சொல்ல வேண்டியதில்லை. இது மனதில் இருக்கும்போதே பம்ப்லோனா போய் அங்கே உள்ள கோட்டைக் கொத்தளத்தையும் பார்த்துவிடுங்கள். 1571இல் இரண்டாம் பிலிப் காலத்தில் தொடங்கியது, ஐந்து முனை நட்சத்திர வடிவம். மதில் தரையோடு தரையாகத் தாழ்ந்து, மண்ணை முட்டுக்கொடுத்து, முனை முனையாக நீட்டிக்கொண்டிருக்கும். இப்போது பூங்கா, காலாற நடக்கலாம், அம்மாவுக்கும் சிரமம் இருக்காது. ஐம்பதே ஆண்டுகளில் கோட்டை கட்டுகிற வேலை எப்படித் தலைகீழாக மாறியது என்று அந்த இரண்டு இடங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தால் பாடம் எடுக்காமலே விளங்கும்.

மேலே உள்ள தூணைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. தொலைவிலிருந்து கண்ணை இழுப்பது அதுதான், கிட்டப் போனால் சாதாரண நினைவுத்தூண். ஆனால் அதற்கும் ஒரு கதை உண்டு. கோட்டை விழுந்து 400 ஆண்டு ஆனதை ஒட்டி 1922இல் எழுப்பினார்கள். உள்ளே நின்று சண்டை போட்டவர்கள் வீரர்களா, துரோகிகளா என்று அப்போதே நவார்ராவில் பெரிய வாக்குவாதம். 1931இல் யாரோ வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள். 1982இல் திரும்பக் கட்டினார்கள். ஆக, அந்தக் குன்றின் மேல் இருப்பதை இடிப்பது ஒரு வழக்கமாகவே இருந்திருக்கிறது.

வானம் தெளிவாக இருந்தால் கிழக்கே கொர்ராமெந்தி மலை தெரியும். 1950களில் அமெரிக்க விமானப் படை அங்கே ராடார் நிலையம் வைத்து 1970கள் வரை இருந்தது. வருகிறவனை உயரத்திலிருந்து கவனிக்கிற வேலை நிற்கவில்லை, பக்கத்து மலைக்கு மாறிவிட்டது, அவ்வளவுதான்.

கோட்டைப் பித்தன் (மாட்ரிட்)

பொறியாளர் ஐயா சொல்வது சரிதான், ஆனால் அவர் காரைச் சுண்ணாம்பைக் கீறிப் பார்த்து மகிழ்கிற ஆள். எல்லோரும் அப்படி இல்லை. நான் குழந்தைகளோடு போனேன். மேலே ஏறியதும் பெரியவன், “அப்பா, கோட்டை எங்கே?” என்றான். “நீ நிற்கிறாயே, அதுதான்” என்றேன். திரும்பிக் காருக்கு வரும்வரை அவன் என்னோடு பேசவில்லை.

ஜெனி, உங்கள் அப்பா அம்மா கடல் தாண்டி வருகிறார்கள். ஹாவியரைப் பாருங்கள், கூடவே ஒலித்தே அரண்மனையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நவார்ரா அரசர்கள் வாழ்ந்த இடம். கோபுரம், படிக்கட்டு, மாடம் எல்லாம் இருக்கிறது. ஏறி நின்று படம் எடுத்தால் ஊரில் காட்டுவதற்கு நன்றாக இருக்கும். அமாயுரில் எடுத்த படத்தைக் காட்டினால் கொடைக்கானல் புல்வெளியா என்று கேட்பார்கள்.

பழைய பொறியாளர் (இருன்)

பித்தன் தம்பி, உங்கள் மகன் கேட்டது நியாயமான கேள்வி, அவனைக் குறை சொல்ல மாட்டேன். பத்து வயதுப் பையனுக்கு ஒலித்தேதான் சரி.

ஆனால் ஒலித்தேயில் நீங்கள் படம் எடுத்த கோபுரத்தில் எவ்வளவு பழையது என்று யோசித்தீர்களா? பிரெஞ்சுக்காரர்கள் வந்து கோட்டையாகப் பயன்படுத்திவிடக் கூடாது என்று 1813இல் அதை எரித்தார்கள். பிறகு 1937 முதல் பெரும் பகுதியை எழுப்பிக் கட்டினார்கள். ஹாவியரும் அப்படித்தான், பெரிய அளவில் புதுப்பித்தது. தவறு என்று சொல்லவில்லை. நானே எத்தனையோ பழைய மதகுகளைச் சிமெண்டு பூசிப் ‘புதுப்பித்து’ பில் போட்டவன். அமாயுரில் அந்த வேலை நடக்கவில்லை. இருப்பது கொஞ்சம், ஆனால் இருப்பது அன்றைக்கு இருந்தது.

வரலாற்று டீச்சர் (பாளையங்கோட்டை)

நான் அங்கே போனதில்லை, ஆனால் ஜெனியின் அப்பா கேட்டிருப்பதால் எழுதாமல் இருக்க முடியவில்லை. குடும்பக் கதையைத் தெரிந்துகொண்டு போனால் அந்த அடிச்சுவருக்கு வேறு அர்த்தம் வரும்.

நவார்ரா தனி அரசாக இருந்தது. 1512இல் பக்கத்து ஸ்பானிய அரசான கஸ்தீலியாவின் படை ஆல்பா பிரபுவின் தலைமையில் புகுந்து பிடித்துக்கொண்டது. அரசரும் அரசியும் மலைக்கு வடக்கே போய்விட்டார்கள். சவேரியார் பிறந்தது 1506 ஏப்ரல் 7. அப்போது ஆறு வயதுப் பிள்ளை. அவருடைய தந்தை ஹுவான் தெ ஹாசோ நவார்ரா அரச மன்றத்தின் தலைவர். எனவே இது அவர்கள் வீட்டுக்குள்ளேயே விழுந்த இடி. தந்தை 1515இல் இறந்தார். மறு ஆண்டு, நாட்டை மீட்க எடுத்த முயற்சி தோற்றதும், நவார்ராவின் கோட்டைகளை இடிக்கும்படி கஸ்தீலியாவின் ஆட்சிப் பொறுப்பில் இருந்த கர்தினால் சிஸ்னேரோஸ் ஆணையிட்டார். ஹாவியர் கோட்டையின் கோபுரங்களையும் மதிலையும் குறைத்தார்கள். பத்து வயதுப் பையன், தன் வீட்டு மதில் இறங்குவதைப் பார்த்திருப்பான். பொறியாளர் ஐயா, ஹாவியரில் புதுப்பித்தது என்று நீங்கள் சொல்வதற்குப் பின்னால் இதுவும் இருக்கிறது.

1521இல் நவார்ரா அரசர் பக்கத்துப் படை பிரெஞ்சுக்காரர்களோடு சேர்ந்து திரும்ப வந்தது. பம்ப்லோனா கோட்டையைத் தாக்கினார்கள். உள்ளே கஸ்தீலியாவுக்காக நின்று காலில் குண்டடி பட்ட வீரர் யார் தெரியுமா? பின்னாளில் இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார்! ஜூன் 30 அன்று நோவாயின் போரில் நவார்ரா பக்கம் தோற்றது. அதே ஆண்டு அக்டோபரில் நவார்ரா பக்கம் நின்ற வேறொரு படை வந்து அமாயுரைப் பிடித்தது. காவல் தலைவர் ஹைமே வேலாஸ் தெ மெத்ரானோ. அவரோடு நின்றவர்களில் சவேரியாரின் அண்ணன்மார் மிகேலும் ஹுவானும் இருந்தார்கள். 1522 ஜூலையில் சரணடைந்ததும் எல்லோரையும் பம்ப்லோனாவுக்குச் சிறைகொண்டு போனார்கள். தலைவரும் அவருடைய மகனும் சிறையிலேயே சில நாட்களில் இறந்தார்கள். நஞ்சு வைத்தார்கள் என்று பேச்சு. மிகேல் பெண் வேடம் போட்டுத் தப்பியதாகச் சொல்கிறார்கள். இன்னும் இரண்டு ஆண்டு ஹொந்தார்ரிபியா கோட்டை தாக்குப்பிடித்தது, அதுவும் 1524இல் முடிந்தது. பேரரசர் ஐந்தாம் சார்லஸ் மன்னிப்பு வழங்க, அண்ணன்மார் வீடு திரும்பினார்கள்.

அடுத்த ஆண்டே கடைக்குட்டி பிரான்சிஸ் பாரிசுக்குப் படிக்கப் போகிறார். அங்கே 1529இல் அவருடைய அறைக்கு ஒரு வயதான மாணவர் வந்து சேருகிறார். நொண்டி நடக்கிறார். அதே லொயோலா இஞ்ஞாசியார்! தன் குடும்பம் எந்தப் படைக்கு எதிராகச் சொத்தையும் சுதந்திரத்தையும் இழந்ததோ அந்தப் படையின் ஆள். பிரான்சிஸ் அவரிடம் பிடிகொடுக்க வெகுகாலம் ஆனது என்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. 1534இல் இருவரும் வேறு சிலரோடு பாரிசின் மோன்மார்த்தில் துறவற வாக்குறுதி எடுத்துக்கொண்டார்கள். 1542இல் பிரான்சிஸ் நம் முத்துக்குளித்துறைக்கு வந்துவிட்டார்.

இன்னொன்று சொல்லி முடிக்கிறேன். தாயார் மரியாவின் குடும்பம் அஸ்பில்குவேத்தா. அது ஊர்ப் பெயர். வரைபடத்தில் பாருங்கள், அமாயுருக்குப் பக்கத்திலேயே இருக்கும். அண்ணன்மார் தாய்வழிச் சொந்த மண்ணில்தான் நின்று சண்டை போட்டிருக்கிறார்கள். பாஸ்க் மொழி அந்த வீட்டு மொழி. 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில், இந்த மக்களுடைய தாய்மொழி மலபார், என்னுடையது பிஸ்காயா மொழி, ஒருவருக்கொருவர் புரியவில்லை என்று அவரே எழுதுகிறார். மலபார் என்று அவர்கள் அன்று சொன்னது நம் தமிழை. பிஸ்காயா மொழி என்றது பாஸ்கை. இரண்டு மொழியும் தெரிந்தவர்களை உட்காரவைத்து மன்றாட்டுகளைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, கையில் மணியோடு தெருத்தெருவாகப் பிள்ளைகளைக் கூட்டினார்.

சைவப் பயணி (லண்டன்)

கோட்டை பற்றி எனக்குத் தெரியாது, சாப்பாடு பற்றித் தெரியும். பஸ்தானில் ஒரு வாரம் பட்டினி கிடக்காமல் இருந்த சைவன் நான்.

ஜெனி, உங்கள் அம்மாவுக்கு முக்கியமான எச்சரிக்கை. மீன்தானே என்று நவார்ரா முறை ஆற்று மீன் கேட்டுவிடாதீர்கள். அதை உப்பிட்டு உலர்த்திய பன்றிக்கறித் துண்டோடு சேர்த்துத்தான் செய்வார்கள். அதுதான் அந்த உணவின் பெருமையே. “இறைச்சி வேண்டாம்” என்று மட்டும் சொன்னால் போதாது, ‘ஹாமோன்’ வேண்டாம் என்று பெயர் சொல்லிச் சொல்ல வேண்டும். பலருக்கு அது இறைச்சிக் கணக்கிலேயே வராது. அவரை, பயறு வகைகளிலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மக்காச்சோள மாவில் தட்டி இரும்புக் கல்லில் சுடுகிற ரொட்டி ஒன்று உண்டு, தாலோ என்பார்கள். அமாயுரில் ஒரு பழைய நீராலையில் மாவு அரைத்து அங்கேயே சுட்டுத் தருவார்கள். பாலாடைக்கட்டி வைத்தும் கேட்கலாம், சாக்லேட் வைத்தும் கேட்கலாம். எல்லா நாளும் இருக்காது, முன்னாலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். செம்மறிப் பாலில் செய்கிற மாமியா என்ற உறைபாலும் கிடைக்கும். பழைய முறையில் சுட்ட கல்லைப் பாலில் போடுவார்களாம், அதனால் லேசாகத் தீய்ந்த வாசனை வரும், புளிப்பு இருக்காது. தேன் விட்டுச் சாப்பிட வேண்டும். கண்டிப்பான சைவர்கள் கவனிக்க: அது பெரும்பாலும் கன்றின் அல்லது ஆட்டுக்குட்டியின் இரைப்பைச் சாற்றில் உறைவது. நான் இரண்டாம் கிண்ணம் முடிந்த பிறகுதான் விசாரித்தேன்.

ஜெனி (துலூஸ்)

அனைவருக்கும் மிக்க நன்றி. டீச்சர், நீங்கள் எழுதியதை அப்பாவுக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். இஞ்ஞாசியார் எதிர்ப் படையில் இருந்தார் என்ற இடத்தில் “இரு, இரு, அதை இன்னொரு தடவை படி” என்றார். இனி அவரைத் தடுக்க முடியாது. பித்தன் அண்ணா, மன்னிக்கவும், ஒலித்தே அடுத்த முறை.

பொறியாளர் ஐயா, நீங்கள் சொன்ன பாதையிலேயே வருகிறோம். ஏற்றம் எப்படி? அம்மாவைக் காரிலேயே மேலே கொண்டுபோக வழி உண்டா? இல்லையென்றால் அவர் கீழே தனியாக உட்கார என்ன இருக்கிறது? மழை பெய்தால் என்ன செய்வது?

பழைய பொறியாளர் (இருன்)

மேலே காரில் போக முயல வேண்டாம். காரை ஊர் நுழைவிலேயே விட்டுவிடுங்கள். அமாயுர் என்பது ஒரே ஒரு நீளத் தெரு. தொடக்கத்தில் கல் வளைவு, அதன் வழியாக உள்ளே போனால் இரண்டு பக்கமும் பெரிய பெரிய கல்வீடுகள். வாடகை வண்டியை அங்கே ஓட்டிப் பக்கவாட்டைக் கீறிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

தெருவின் மேல்முனை தாண்டி ஏற்றம் தொடங்கும். மெதுவாக நடந்தாலும் கால் மணி நேரம், இருபது நிமிடம். தூரம் பெரிதல்ல, ஆனால் செங்குத்து, மேலே புல்தரை. ஏறுவதைவிட இறங்கும்போதுதான் வழுக்கும். அப்பாவுக்கு ரப்பர் செருப்பு வேண்டாம், நல்ல பிடிமானமுள்ள காலணி போடச் சொல்லுங்கள். வழியில் வேலிக் கதவு மூடியிருந்தால் திறந்து போய்விட்டு மறக்காமல் மூடுங்கள். அது ஆடு மாடுகளுக்காக, உங்களைத் தடுப்பதற்காக இல்லை.

அம்மாவுக்கு அந்தத் தெருவே போதும். ஒவ்வொரு வீட்டு வாசலையும் நின்று பார்க்கச் சொல்லுங்கள். நிலைக்கு மேலே உள்ள கல்லில் ஆண்டு வெட்டியிருக்கும், சில வீடுகளில் சதுரங்கப் பலகை மாதிரி கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட கேடயச் சின்னம் இருக்கும். அது பஸ்தான் பள்ளத்தாக்கு முழுவதற்கும் பொதுவான சின்னம். இங்கே பிறந்த எல்லோருமே குடிப்பெருமை உள்ளவர்கள் என்று அரசர் ஒப்புக்கொண்டதாம். எல்லோரும் என்றால் எல்லோரும் இல்லை, வழக்கம்போல. பக்கத்து அரிஸ்குனில் பொசாத்தே என்று ஒரு குடியிருப்பு இருக்கிறது. அகோத்தே என்று பெயர் வைத்து ஒரு கூட்டத்தாரை நூற்றாண்டுக் கணக்கில் அங்கே ஒதுக்கி வைத்திருந்தார்கள், கோயிலில்கூடத் தனி இடம். முகத்திலும் பேச்சிலும் வித்தியாசம் எதுவும் கிடையாது. நான் அங்கே போய் நின்றபோது யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

சில வாசற்கதவுகளில் பெரிய உலர்ந்த பூ ஒன்று ஆணியடித்திருக்கும், வெள்ளியும் மஞ்சளுமாக, சூரியன் வடிவில். ஒரு வகை மலைமுள்செடியின் பூ. கெட்டது உள்ளே வராமல் காவல். அம்மாவுக்கு அது என்னவென்று நீங்கள் சொல்லவே வேண்டியிருக்காது.

மழை பற்றி: பெய்தால் என்று கேட்காதீர்கள், பெய்யும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அங்கே குடை விரிக்கிற அளவுக்குப் பெரிதாக இல்லாமல் பொடிப்பொடியாக நாள் முழுக்க விழுகிற தூறல்தான் அதிகம். சட்டை நனைந்தது அரை மணி நேரம் கழித்துத்தான் தெரியும். தொப்பி வைத்த மழைச்சட்டை மூன்று எடுத்து வாருங்கள். பனிமூட்டம் முழுக்க மூடியிருந்தால் மேலே ஏறிப் பயனில்லை, கணவாய் தெரியாது. அப்படியானால் எலிசோந்தோவில் ஒரு கடையில் சூடாகக் குடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் காத்திருங்கள். அந்த ஊரில் முழு கொட்டைப் பருப்பு போட்ட சாக்லேட் கட்டி பெயர்பெற்றது. அமாயுரிலிருந்து எலிசோந்தோ எட்டு ஒன்பது கிலோமீட்டர்தான், மூட்டம் விலகினால் திரும்பி வந்துவிடலாம்.

அக்டோபரில் போகிறீர்கள் என்பதால் இன்னும் இரண்டு. அது காட்டுப்புறா இடம்பெயர்கிற காலம், வேட்டையும் அப்போதுதான். மலையில் துப்பாக்கிச் சத்தம் கேட்டால் அம்மா பயந்துவிடப் போகிறார், முன்னாலேயே சொல்லிவையுங்கள். வரும் வழியில் எஸ்பெலெத்தில் அவசியம் நிறுத்துங்கள். வீட்டு முகப்பு முழுக்க மிளகாய்வற்றலைச் சரம் சரமாகத் தொங்கவிட்டிருப்பார்கள். அக்டோபர் கடைசி வாரக் கடைசியில் மிளகாய்த் திருவிழாவும் உண்டு. அன்றைக்கு மாட்டிக்கொண்டால் கார் நிறுத்த இடம் கிடைக்காது. காரம் என்று பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். என் மனைவி ஒரு சரம் வாங்கிவந்து குழம்பு வைத்துவிட்டு, மறுபடி ஊர் மிளகாய்ப்பொடியை எடுத்துப் போட்டாள்.

கடைசியாக ஒன்று. அக்டோபர் கடைசி ஞாயிறு அதிகாலை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். அதற்குப் பிறகு போனால் மாலை ஆறுக்கே இருட்டத் தொடங்கிவிடும். துலூசிலிருந்து விடிகாலையில் கிளம்பி மதியச் சாப்பாட்டுக்கு முன் மேலே ஏறி இறங்கிவிடுங்கள். மூன்றரைக்கு மேல் சாப்பாடு கேட்டால் பல இடங்களில் அடுப்பை அணைத்திருப்பார்கள். பம்ப்லோனாவுக்கு அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். ஹாவியர் அதற்கு அந்தப் பக்கம் ஐம்பது கிலோமீட்டர், அதை மறுநாள் காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். திறக்கும் நேரத்தை முந்தின நாளே பார்த்துவிடுங்கள்.